/யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்புகள் பயிற்சி மாணவர் பெயரில் இருக்கின்றன: எப்படி நடந்தது, எப்படிச் சரிசெய்வது?

ஏரிக்கரை வாசகன் | திங்கள், காலை

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய வாசகசாலையின் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் ஒரே ஒரு மேசைக் கணினி. பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் வழியாக எழுத்துகளாக மாற்றுகிறோம். டெசராக்டையும் அதற்குத் தேவையான லெப்டோனிகாவையும் எனக்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவர் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். அது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், தொடர்பு இல்லை.

கடந்த மே மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரி மாணவருக்குத் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுத்தேன். சூடோ உரிமை, அதாவது ரூட் என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்காகக் கட்டளை ஓட்டும் உரிமை, கொடுக்கவில்லை. நேற்று வேறு எதையோ தேடும்போது 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பார்த்தால், /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறைக்கே அந்த மாணவர்தான் உரிமையாளர் என்று காட்டுகிறது. உள்ளே டெசராக்ட் நிரல் மட்டும் ரூட் பெயரில் இருக்கிறது. படங்களை நேராக்கும் சில சிறு ஸ்கிரிப்டுகள், /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் கீழே ஒரு கோப்புறை ஆகியவை மாணவர் பெயரில் இருக்கின்றன.

இதோடு இன்னொரு தொல்லை. நூலகர் கணக்கில் நுழைந்து டெசராக்டை ஓட்டினால் தமிழ்த் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. ரூட்டாக ஓட்டினால் ஓடுகிறது. அதனால் இதுவரை எல்லோரும் சூடோ போட்டே ஓட்டி வந்திருக்கிறார்கள்.

விஷயம் நிர்வாகக் குழுவின் காதுக்குப் போய்விட்டது. 'அந்தப் பையன் கணினிக்குள் புகுந்துவிட்டான்' என்று பேசுகிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையில் என்ன நடந்திருக்கும்?

---

ஐந்துரோடு | திங்கள், காலை

எல்லாவற்றையும் ரூட்டுக்கு மாற்றிவிடுங்கள், முடிந்தது:

சூடோ சௌன் -ஆர் ரூட்:ரூட் /யூஎஸ்ஆர்

---

மரவள்ளி | திங்கள், காலை

ஏரிக்கரை வாசகன், மேலே உள்ள கட்டளையைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். ஐந்துரோடு தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வரி கணினியைப் பூட்டிவிடும்.

லினக்ஸில் ஒரு நிரல் கோப்பின் உரிமையாளரை மாற்றினால், அதில் இருக்கும் செட்யூஐடி, செட்ஜிஐடி குறிகளை (யார் ஓட்டினாலும் நிரலை அதன் உரிமையாளர் அல்லது குழுவின் அதிகாரத்தோடு ஓட வைப்பவை) லினக்ஸின் மையமான கர்னல் அழித்துவிடும். மாற்றுவது ரூட்டாக இருந்தாலும் இதே கதைதான், கர்னல் பதிப்பு 2.2.13 காலத்திலிருந்து அப்படித்தான் இயங்குகிறது. ஏற்கெனவே ரூட் பெயரில் இருக்கும் கோப்பை மீண்டும் ரூட்டுக்கே மாற்றினாலும் குறி போய்விடும். /யூஎஸ்ஆர்/பின் கீழே இருக்கும் சூடோ, பாஸ்வேர்ட் மாற்றும் நிரல், எஸ்யூ மூன்றும் அந்தக் குறியை நம்பித்தான் வேலை செய்கின்றன. கட்டளை முடிந்த மறுநொடி சூடோ, 'என் உரிமையாளர் 0 ஆக இருக்க வேண்டும், செட்யூஐடி குறியும் இருக்க வேண்டும்' என்று சொல்லி நின்றுவிடும். சூடோவைச் சரிசெய்ய ரூட் ஆக வேண்டும். ரூட் ஆவதற்குச் சூடோ வேண்டும். இதோடு போகாது. சில நிரல்களுக்கு ரூட் அல்லாத குழு வேண்டும், அந்தக் குழு விவரமும் அழிந்துவிடும். கோப்போடு ஒட்டி வைத்திருக்கும் கேபபிலிட்டி எனப்படும் சிறப்பு அனுமதிகளும் இதே மாற்றத்தில் போய்விடும்.

ஒரு கிராமத்தில் ஒருவருடைய பட்டாவில் பெயர் தவறு என்பதற்காக ஊர் முழுவதன் பட்டாவையும் ஒரே பெயருக்கு மாற்றி எழுதுவதைப் போன்றது இது. எந்தக் கோப்பு தவறாக இருக்கிறதோ அதை மட்டும் தொட வேண்டும். அதற்கு முதலில் எவை தவறு என்று தெரிய வேண்டும். /யூஎஸ்ஆர் பக்கமே போகாமல் /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ளே மட்டும் பாருங்கள்:

ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/லோக்கல் -எக்ஸ்டெவ் ! -யூசர் ரூட் -எல்எஸ்

இது எதையும் மாற்றாது, பட்டியல் மட்டும் தரும். வந்ததை இங்கே போடுங்கள். அந்த மாணவரின் பயனர் எண்ணையும் 'ஐடி' கட்டளையில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஆய்வக உதவியாளர் | திங்கள், மதியம்

மரவள்ளி அக்கா சொல்வது கண்ணால் பார்த்த உண்மை. சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதே கட்டளையை ஒருவர் ஓட்டிவிட்டார். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம். மீட்புப் பயன்முறையில் கணினியை எழுப்பி, சூடோ நிரலுக்குச் செட்யூஐடி குறியோடு கூடிய 4755 அனுமதியைத் திரும்பக் கொடுத்து, பிறகு நிறுவியிருந்த தொகுப்புகள் அனைத்தையும் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் மறுநிறுவல் செய்தோம். டெபியன் வகையில் தொகுப்புகளின் உரிமையைத் திரும்ப எழுத ஒற்றைக் கட்டளை கிடையாது.

ஆர்பிஎம் என்ற தொகுப்புக் கருவியைப் பயன்படுத்தும் லினக்ஸ் வகைகளில் உண்டு. 'ஆர்பிஎம் --செட்யூஜிஐடிஸ் -ஏ', அதன் பிறகு 'ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் -ஏ'. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதல் கட்டளை உரிமையாளரை மாற்றும்போது செட்யூஐடி குறிகள் அழியும், இரண்டாவதுதான் அவற்றைத் திருப்பி வைக்கும்.

---

ஐந்துரோடு | திங்கள், மதியம்

நன்றி அக்கா. ரூட் பெயரில் இருப்பதை ரூட்டுக்கே மாற்றினால் எதுவும் நடக்காது என்று நினைத்திருந்தேன்.

---

ஏரிக்கரை வாசகன் | திங்கள், மாலை

மலையில் மதியம் முழுவதும் மின்சாரம் இல்லை, அதனால் தாமதம். பட்டியல் நீளமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன்.

மாணவரின் பயனர் எண் 1001. அந்த எண்ணில் இருப்பவை: /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறை, அதற்குள் நான்கைந்து ஸ்கிரிப்டுகள், /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் கோப்புறையும் அதற்குள் ஸ்கிரிப்டுகளுக்கான ஒரு துணைக் கோப்புறையும், அப்புறம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்ஆர்சி கீழே பிரித்துப் போட்ட மூலநிரல் முழுவதும்.

இதைத் தவிர, தமிழ்த் தரவுக் கோப்பு மட்டும் நூலகர் பெயரில், 1000 எண்ணில் இருக்கிறது. ஆங்கிலத் தரவுக் கோப்பு ரூட் பெயரில். இரண்டையும் வைத்திருக்கும் டெஸ்டேட்டா கோப்புறை ரூட் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அதன் அனுமதி 700.

---

மரவள்ளி | திங்கள், இரவு

இந்த விவரம் போதும், கதை கிட்டத்தட்ட தெளிவாகிவிட்டது. மாணவர் மேல் எந்தத் தவறும் இருக்க வாய்ப்பில்லை. ஏன் என்று சொல்கிறேன், நிர்வாகக் குழுவிடம் அப்படியே காட்டலாம்.

வட்டில் எந்தக் கோப்பிலும் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை. ஓர் எண்தான் எழுதப்படுகிறது. 'எல்எஸ்' அந்த எண்ணைப் பார்த்து, கணக்குகளின் பட்டியலான பாஸ்டபிள்யூடி கோப்பில் அதற்குரிய பெயரைத் தேடிக் காட்டுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோப்புகள் வந்தபோது உங்கள் கணினியில் 1001 என்று எந்தக் கணக்கும் இருந்திருக்காது. அப்போது பார்த்திருந்தால் பெயருக்குப் பதில் வெறும் 1001 என்று தெரிந்திருக்கும். மே மாதம் நீங்கள் புதுக் கணக்கு உருவாக்கினீர்கள். டெபியன் 1000 முதல் எண்ணி, காலியாக உள்ள முதல் எண்ணைக் கொடுக்கும். 1000 நூலகருடையது, எனவே மாணவருக்கு 1001. அந்தக் கணத்திலிருந்து, அவர் வாழ்நாளில் தொட்டிராத கோப்புகளுக்கெல்லாம் அவர் உரிமையாளராகிவிட்டார். மூலநிரலிலிருந்து லினக்ஸைக் கட்டுபவர்கள் உரிமையாளர் இல்லாத எண்ணைக் கோப்புகளில் விட்டுவைக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

நிரூபிப்பதும் எளிது. அந்த ஸ்கிரிப்டுகளில் ஒன்றுக்கு 'ஸ்டாட்' கட்டளை கொடுங்கள். அதில் உள்ளடக்கம் மாறிய நேரம், உரிமையாளர் அல்லது அனுமதி மாறிய நேரம் என்று தனித்தனியாக வரும். முதலாவதை, பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் போன்ற நிரல்கள் பழைய தேதிக்கு மாற்றி வைக்க முடியும், அதை நம்ப வேண்டாம். இரண்டாவதைச் சாதாரணக் கட்டளைகளால் விரும்பிய தேதிக்கு மாற்ற முடியாது. அது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டினால், மே மாதத்திற்குப் பிறகு யாரும் அந்தக் கோப்பின் உரிமையை மாற்றவில்லை என்று பொருள்.

எதையும் சரிசெய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். உரிமையை மாற்றினால் அந்த நேரமும் இன்றைய தேதியாகிவிடும், சாட்சி அழிந்துவிடும்.

---

வெள்ளிப்பட்டறை | திங்கள், இரவு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் சிலவற்றின் பில்லிங் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒரு சந்தேகம். கம்பைல் செய்ததைக் கணினிக்குள் நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' ரூட்டாக ஓடினால் கோப்புகள் ரூட் பெயரில்தானே போக வேண்டும்? 1001 எங்கிருந்து வந்தது?

---

மரவள்ளி | செவ்வாய், காலை

பெரும்பாலும் ரூட் பெயரில்தான் போகும். அதனால்தான் டெசராக்ட் நிரல் சரியாக இருக்கிறது. 'இன்ஸ்டால்' என்ற கட்டளை புதிதாகக் கோப்பை எழுதுகிறது. ஓட்டுபவர் யாரோ அவர் பெயரில் எழுதும், அனுமதியையும் தானே நிர்ணயிக்கும். ஆனால் 'மேக்' செய்ய வேண்டிய படிகளை எழுதிவைக்கும் மேக்ஃபைல்கள் எல்லாமே அதைப் பயன்படுத்துவதில்லை. சிலர் 'சிபி -ஏ' என்று எழுதிவிடுவார்கள். ரூட்டாக ஓடும்போது அது மூலக் கோப்பின் உரிமையாளரையும் சேர்த்து நகலெடுக்கும்.

மூலக் கோப்புக்கு அந்த எண் வந்தது டார் கட்டிலிருந்து. சாதாரணப் பயனர் ஒரு டார் கட்டைப் பிரித்தால் எல்லாம் அவர் பெயரில் வரும். ரூட் பிரித்தால் டாரின் நடத்தை மாறும். கட்டுக்குள் எழுதியிருக்கும் உரிமையாளரை அப்படியே திருப்பி வைக்க முயலும். முதலில் பெயரைத் தேடும், அந்தப் பெயரில் இங்கே கணக்கு இல்லாவிட்டால் எண்ணை எடுத்துக்கொள்ளும். எங்கோ ஒரு நிரலாளர் தன் கணினியில் 1001 என்ற எண்ணில் கட்டைக் கட்டியிருந்தால், அந்த எண் ஏற்காடு வரை வந்து சேரும். கிட் களஞ்சியத்திலிருந்து 'கிட் ஆர்கைவ்' மூலம் தானாக உருவாகும் கட்டுகளில் உரிமையாளர் ரூட் என்றே இருக்கும், அங்கே இந்தத் தொல்லை வராது. நிரலாளர் கையால் கட்டி வெளியிடும் கட்டுகளில்தான் வரும்.

ஏரிக்கரை வாசகனுடைய பட்டியலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஸ்கிரிப்டுகள் அல்ல, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்ற கோப்புறையே 1001 ஆக இருப்பதுதான். அந்த ஸ்கிரிப்டுக் கட்டை யாரோ ரூட்டாக நேரே /யூஎஸ்ஆர்/லோக்கல் மேலேயே பிரித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். கட்டுக்குள் 'பின்' என்ற கோப்புறைக்கும் ஒரு பதிவு இருந்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் கோப்புறையின் உரிமையாளரையும் அனுமதியையும் க்னூ டார் தன் பதிவில் உள்ளபடி மாற்றி எழுதிவிடும். அதன் இயல்பு நடத்தையே அதுதான். பழைய கட்டு கிடைத்தால் 'டார் --நியூமெரிக்-ஓனர் -டிவிஎஃப்' கொடுத்து முதல் சில வரிகளைப் பாருங்கள்.

கோப்புறை ஏன் முக்கியம்? ஒரு கோப்புறைக்கு உரிமையாளராக இருப்பவர் அதற்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் நீக்கலாம், பெயர் மாற்றலாம், அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். உள்ளே இருக்கும் கோப்பு ரூட் பெயரில் இருந்தாலும் தடையில்லை. டெபியனில் ரூட் தட்டும் கட்டளைகளைத் தேடும் பாதையில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின், /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் இரண்டும் முதலில் வருகின்றன. அதாவது 1001 கணக்கில் நுழைபவர் 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்டை அங்கே வைத்துவிட்டால், நீங்கள் ரூட்டாக 'எல்எஸ்' என்று தட்டும்போது ஓடுவது அவருடைய ஸ்கிரிப்ட். இதைவிட எளிய வழி ரூட் உரிமையைப் பெறுவதற்குக் கிடையாது. அந்த மாணவர் நேர்மையானவர் என்பது வேறு விஷயம். அவருடைய கடவுச்சொல்லை வேறொருவர் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்?

---

சூரமங்கலம் | செவ்வாய், காலை

மாற்றுக் கருத்து ஒன்று. இன்டெல் மேக் கணினிகளில் நிரல்களை நிறுவும் கருவியான ஹோம்ப்ரூ /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழேதான் நிறுவுகிறது, அங்கே கோப்புகள் சாதாரணப் பயனர் பெயரில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறேன், சூடோ இல்லாமல் நிறுவ முடிவது பெரிய வசதி. வாசகசாலையிலும் நூலகர் பெயருக்கு /யூஎஸ்ஆர்/லோக்கலை முழுவதுமாக எழுதிவைத்தால் என்ன?

---

மரவள்ளி | செவ்வாய், மதியம்

உங்கள் மேக்கில் நீங்கள் ஒருவர்தான், நிர்வாகியும் நீங்களே. வாசகசாலைக் கணினியில் நூலகர், பயிற்சி மாணவர், நிர்வாகி என்று மூன்று பேர். ஒருவர் கணக்கில் நடக்கும் தவறு மற்றவரைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். ஆப்பிள் சிப் வந்த பிறகு ஹோம்ப்ரூவே /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்ற தனி இடத்திற்குப் போய்விட்டது.

சூடோ இல்லாமல் நிறுவும் வசதி வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. கம்பைலுக்கு முன் 'கன்ஃபிகர்' ஓட்டும்போது --ப்ரீஃபிக்ஸ் தெரிவில் தன் வீட்டுக் கோப்புறைக்குள் .லோக்கல் என்று கொடுத்துவிட்டால், எல்லாம் அவரவர் இடத்தில் போய் உட்காரும். ரூட் தேவையே இல்லை. தனியொருவர் மட்டும் பயன்படுத்தும் நிரலுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

---

சூரமங்கலம் | செவ்வாய், மதியம்

மூன்று பேர் பயன்படுத்தும் கணினி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கிறேன்.

---

ஏரிக்கரை வாசகன் | செவ்வாய், மாலை

ஸ்டாட் பார்த்தேன். எல்லா ஸ்கிரிப்டுகளிலும் உரிமை மாறிய நேரம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதுதான், எல்லாம் ஒரே நாள், சில நொடி வித்தியாசம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்ஆர்சி உள்ளே பழைய ஸ்கிரிப்டுக் கட்டும் கிடைத்தது. முதல் வரியே 'பின்' கோப்புறைதான், பக்கத்தில் 1001/1001. அக்கா ஊகித்தது அப்படியே சரி.

திரைப்பிடிப்புகளை நிர்வாகக் குழுவிடம் காட்டினேன். தலைவர் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர். தேதிகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். மாணவரை அழைத்து வருத்தம் தெரிவித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

இனி சரிசெய்யும் வேலை. தமிழ்த் தரவுச் சிக்கலும் இதோடு தொடர்புடையதா?

---

மரவள்ளி | செவ்வாய், இரவு

மாணவர் விஷயம் முடிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி.

தமிழ்த் தரவு வேறு கதை, ஆனால் அதே குடும்பம். அந்தக் கோப்பு பென் டிரைவில் வந்திருக்கும். பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பு முறையில் உரிமையாளர் என்ற விவரமே கிடையாது. யார் திரையில் அமர்ந்து செருகினாரோ அவர் பெயரில் எல்லாக் கோப்புகளையும் கணினி காட்டும். நூலகர் கணக்கில் செருகி, சூடோ 'சிபி -ஏ' கொடுத்தால் நூலகர் பெயரோடு நகலாகும். அதுதான் 1000.

ஆனால் பிழைக்குக் காரணம் அதுவல்ல. டெஸ்டேட்டா கோப்புறையின் அனுமதி 700. ரூட்டைத் தவிர வேறு யாரும் அதற்குள் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் கோப்பு நூலகருடையதாகவே இருந்தாலும் வாசல் பூட்டியிருக்கும்போது எப்படி எடுப்பார்? ரூட்டின் .பேஷ்ஆர்சி கோப்பில் யூமாஸ்க் 077 என்று இருக்கிறதா பாருங்கள். புதிதாக உருவாகும் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் எந்த அனுமதிகளை மறுப்பது என்று சொல்வதுதான் யூமாஸ்க். பாதுகாப்புக்காகச் சிலர் அப்படி வைப்பார்கள். அந்த நிலையில் 'மேக் இன்ஸ்டால்' ஓட்டினால், இன்ஸ்டால் கட்டளை கோப்புகளுக்கு 755, 644 என்று சரியான அனுமதியைக் கொடுத்துவிடும். கோப்புறைகளையோ வெறும் எம்கேடிஐஆர்தான் பெரும்பாலும் உருவாக்குகிறது, அது யூமாஸ்க்குக்குக் கட்டுப்படும். கோப்பு திறந்திருக்கும், கோப்புறை மூடியிருக்கும்.

இப்போது சரிசெய்வோம். முதலில் இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள்:

கெட்எஃப்ஏசிஎல் -ஆர் -பி /யூஎஸ்ஆர்/லோக்கல் > /ரூட்/பழைய-நிலை

ஏதாவது தவறினால் 'செட்எஃப்ஏசிஎல் --ரீஸ்டோர்=/ரூட்/பழைய-நிலை' எல்லா உரிமையையும் அனுமதியையும் பழையபடி வைத்துவிடும். ஏசிஎல் தொகுப்பு நிறுவியிருக்க வேண்டும்.

அடுத்து, 1001 மட்டும்:

சௌன் -ஆர் --ஃப்ரம்=1001:1001 ரூட்:ரூட் /யூஎஸ்ஆர்/லோக்கல்

--ஃப்ரம் தெரிவுதான் இதில் உயிர். உரிமையாளரும் குழுவும் 1001 ஆக இருக்கும் கோப்பை மட்டும் தொடும், மற்றவற்றை விட்டுவிடும். தமிழ்த் தரவுக் கோப்பை அதன் முழுப் பாதையைக் கொடுத்துத் தனியாக மாற்றுங்கள். ஒரு கோப்புக்காக -ஆர் வேண்டாம்.

கடைசியாக அனுமதி:

சிமாட் -ஆர் ஏ+ஆர்எக்ஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா

இதில் எக்ஸ் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கும், ஏற்கெனவே ஓடக்கூடிய கோப்புகளுக்கும் மட்டும் அந்த அனுமதியைக் கொடுக்கும். சிறிய எழுத்து போட்டால் தரவுக் கோப்புகளெல்லாம் நிரல்கள் போல் ஆகிவிடும்.

---

வெள்ளிப்பட்டறை | புதன், காலை

பழைய டெபியனில் /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறைகள் ரூட் பெயரிலும் 'ஸ்டாஃப்' குழுவிலும் இருக்குமே, 2775 அனுமதியோடு? பட்டறைக் கணினிகள் சிலவற்றில் பார்த்திருக்கிறேன். அதையும் ரூட் குழுவுக்கு மாற்ற வேண்டுமா?

---

மரவள்ளி | புதன், காலை

வேண்டாம். அது டெபியன் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு, பிழை அல்ல. ஸ்டாஃப் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பொதுவாகக் காலியாக இருக்கும். இதனால்தான் 'எல்லாம் ரூட்:ரூட்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுக் கோப்புறையை ரூட்டுக்கு மாற்றினால் தரவுத்தளம் எழுந்திருக்காது. மறுபுறம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் க்ரான்.டி கோப்புறை உள்ளே இருக்கும் கோப்பு ரூட் அல்லாதவர் பெயரில் இருந்தால் க்ரான் அதைத் தொடாது. எது யாருடையதாக இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு.

---

ஆய்வக உதவியாளர் | புதன், மதியம்

வீட்டுக் கோப்புறைகள் வேறொரு சேவையகத்திலிருந்து என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புப் பகிர்வு வழியாக வரும் ஆய்வகங்களுக்கு ஒரு குறிப்பு. மாணவர் தன் கோப்புறையில் கம்பைல் செய்துவிட்டு 'சூடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் அனுமதி இல்லை என்று வரும். ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று திகைப்பார்கள். சேவையகம் ரூட்_ஸ்க்வாஷ் என்ற விதியால் வெளியிலிருந்து வரும் ரூட்டை 65534 எண்ணுள்ள 'நோபடி'யாக மாற்றிவிடுகிறது. அந்த நோபடியால் மாணவரின் கோப்புறைக்குள் நுழைய முடியாது. இதற்காக ஸ்க்வாஷை அணைத்துவிடாதீர்கள், பிறகு ஏதாவது ஓர் ஆய்வகக் கணினியில் ரூட் ஆகும் மாணவர் எல்லோருடைய கோப்புகளையும் திறக்கலாம். கம்பைல் வேலையை அந்தக் கணினியின் சொந்த வட்டில் செய்ய வைப்பதுதான் எங்கள் வழக்கம்.

---

ஐந்துரோடு | புதன், மாலை

அப்படியானால் முதலிலிருந்தே சரியாக நிறுவுவது எப்படி? 'மேக்' வரை சாதாரணப் பயனர், 'மேக் இன்ஸ்டால்' மட்டும் ரூட், இதுதானே?

---

மரவள்ளி | புதன், இரவு

அதுதான் அடிப்படை, தம்பி. பிரிப்பது, கன்ஃபிகர், மேக் மூன்றும் சாதாரணப் பயனராக. பிரிக்கும்போதே ரூட்டாக இல்லாவிட்டால் இந்த இழையில் பேசிய பாதித் தொல்லை பிறக்கவே பிறக்காது. ரூட்டாகத்தான் பிரிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் '--நோ-சேம்-ஓனர் --நோ-ஓவர்ரைட்-டிஐஆர்' இரண்டையும் சேர்த்துக்கொள்.

நான் இன்னும் ஒரு படி வைத்துக்கொள்வேன். நேரே கணினிக்குள் நிறுவாமல், டெஸ்ட்டிஐஆர் மூலம் முதலில் ஒரு காலிக் கோப்புறைக்குள் நிறுவிப் பார்ப்பேன்:

மேக் டெஸ்ட்டிஐஆர்=/டெம்ப்/மேடை இன்ஸ்டால்

இதற்கு ரூட் வேண்டியதில்லை. என்னென்ன கோப்புகள் எங்கே போகப் போகின்றன என்று முழுவதும் கண்முன் இருக்கும். மேக்ஃபைலில் யாராவது விஷமமாகவோ கவனக்குறைவாகவோ எதையாவது எழுதியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

அங்கிருந்து கணினிக்குள் கொண்டுபோகும்போது கவனம். மேடையில் உள்ள கோப்புகள் உன் பெயரில் இருக்கும். சூடோ 'சிபி -ஏ' கொடுத்தால் உன் பெயரோடு உள்ளே போய்விடும், மறுபடியும் அதே சிக்கல். 'சிபி -ஆர்' போதும். அதில் பெரிய ஆர், வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகளான சிம்லிங்குகளைச் சிம்லிங்குகளாகவே வைத்திருக்கும், உரிமையாளர் ரூட் ஆகிவிடும். அதற்கு முன் ரூட்டின் யூமாஸ்க் 022 தானா என்று பார்த்துக்கொள். நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிக் கோப்புகள் இருந்தால் முடிவில் எல்டிகன்ஃபிக் ஓட்ட மறக்காதே.

பல நிரல்களை இப்படி நிறுவுபவர்களுக்கு க்னூ ஸ்டோ மிக நல்லது. ஒவ்வொரு நிரலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ கீழே தன் சொந்தக் கோப்புறையில் இருக்கும், வெளியே சிம்லிங்குகள் மட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் வந்து 'இந்தக் கோப்பு எதைச் சேர்ந்தது' என்று கேட்டால் சிம்லிங்கே பதில் சொல்லும். ஏரிக்கரை வாசகனுக்கு இப்போது வந்த சிரமம் அடுத்து வருபவருக்கு வராது. பொதுக் கணினியைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்களுக்குப் பிறகு வருபவரை மனத்தில் வைத்து நிறுவ வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

---

ஏரிக்கரை வாசகன் | வியாழன், காலை

எல்லாம் முடிந்தது. யூமாஸ்க் 077 ரூட்டின் .பேஷ்ஆர்சி கோப்பில்தான் இருந்தது. கெட்எஃப்ஏசிஎல் பதிவு எடுத்துவிட்டு, அக்கா சொன்ன வரிசையில் மூன்று மாற்றங்களையும் செய்தேன். ரூட் அல்லாத கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் இப்போது ஒரு வரியும் தரவில்லை. நூலகர் தன் கணக்கிலிருந்து சூடோ இல்லாமல் ஓட்டினார், தமிழ்ப் பக்கங்கள் ஒழுங்காக மாறின.

இரண்டு கேள்விகள் மிச்சம். பழைய மூலநிரல் கோப்புறையில் சாதாரணப் பயனராக 'மேக் க்ளீன்' ஓட்டினால் அனுமதி இல்லை என்கிறது. இன்னொன்று, மாணவரின் பயிற்சி இந்த வாரத்தோடு முடிகிறது, அவர் கணக்கை நீக்க வேண்டும்.

---

மரவள்ளி | வியாழன், மதியம்

மூலநிரல் கோப்புறை இப்போது முழுவதும் ரூட் பெயரில் இருப்பதால் அந்தப் பிழை. கட்டு கையில் இருக்கிறது, அதனால் அந்தக் கோப்புறையை ரூட்டாக நீக்கிவிட்டு, தேவைப்படும்போது நூலகர் கணக்கில் புதிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை நீக்குவதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. டெல்யூசர் கட்டளைக்கு --ரிமூவ்-ஆல்-ஃபைல்ஸ் என்று ஒரு தெரிவு உண்டு. அந்தப் பயனர் பெயரில் கணினி முழுவதும் எங்கே இருந்தாலும் எல்லாக் கோப்புகளையும் அது அழிக்கும். திங்கட்கிழமை நிலையில் அதை ஓட்டியிருந்தால் ஸ்கிரிப்டுகள் அனைத்தும் மாணவரோடு சேர்ந்து போயிருக்கும். முதலில் பாருங்கள்:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -யூஐடி 1001

ஹோம் தனி வட்டுப் பிரிவில் இருந்தால் அதற்குத் தனியாக ஒருமுறை ஓட்டுங்கள். அவருடைய வீட்டுக் கோப்புறை, அஞ்சல் கோப்பு, /டெம்ப் கீழே சில தற்காலிகக் கோப்புகள் தவிர வேறெதுவும் வரக் கூடாது. அவருக்கு வேண்டியதைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டு, --ரிமூவ்-ஹோம் மட்டும் போட்டு நீக்குங்கள். பிறகு 'ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்' ஓட்டி, ஆளில்லாத எண்ணில் எதுவும் எஞ்சவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் வந்தால் கணக்கு உருவாக்கும்போது --யூஐடி தெரிவில் 1500 போன்ற புதிய எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் டெபியன் அவருக்கும் 1001 தான் கொடுக்கும். எங்காவது பழைய பேக்கப்பிலிருந்து கோப்புகளை மீட்டால், இந்த மாணவருடையவை அந்தப் புதியவர் பெயரில் வந்து நிற்கும்.

---

ஏரிக்கரை வாசகன் | வெள்ளி, மாலை

கணக்கை நீக்கிவிட்டேன். -நோயூசர் எதுவும் காட்டவில்லை. அடுத்த கணக்குக்கான எண்ணைப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். இந்த இழையின் அச்சுப் பிரதி ஒன்றும் கணினிப் பதிவேட்டோடு சேர்ந்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி, மரவள்ளி அக்காவுக்குச் சிறப்பாக.